டிரக் இழுக்கும்... ஆனா தாங்குமா? பெரிய டிரெய்லர் வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



நம்ம சேனல்ல கேம்பிங் செலவு பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும்னு கம்பெனியே சொல்றான். 8,800 பவுண்டு டிரெய்லர் வாங்கலாமா? 2,000 பவுண்டு மிச்சம் இருக்கே?"

இதே கேள்வியை சில வருஷம் முன்னாடி ஒரு டிரெய்லர் டீலர்கிட்ட நானும் கேட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்றார். நானும் அப்படியே வாங்கினேன். அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிட்டத்தட்ட 8,700 டாலர் செலவு வைத்தது. அது எப்படி என்று கடைசியில் சொல்றேன். அதைவிடப் பெரிய விஷயம், என் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைங்க எல்லாரையும் ஏற்றிக்கிட்டு, தாங்க முடியாத வண்டியை நான் ஹைவேயில் ஓட்டியிருக்கேன். அது அன்றைக்கு எனக்கே தெரியாது.

இந்தப் பதிவு அமெரிக்காவில் இருக்கிற நம்ம குடும்பங்களுக்கானது. டிராவல் டிரெய்லரோ, அதைவிடப் பெரிய ஃபிஃப்த் வீலோ வாங்கணும்னு ஆசை இருந்தால், பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் படிச்சிடுங்க.

அமரில்லோவில் கிடைத்த சீட்டு

அந்த வருஷம் அப்பா அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தாங்க. ஃபோர்ட் வொர்த் பக்கத்திலிருந்து 287 ஹைவே பிடிச்சு, பாலோ டூரோ கேன்யன் போறதா திட்டம். 30 அடி டிரெய்லர், பிள்ளைங்களுக்கு பங்க் பெட், அம்மாவுக்குத் தனி கட்டில். உள்ளே அரிசி மூட்டை, குக்கர், இட்லிப் பானை. வெட் கிரைண்டர் வரைக்கும் ஏற்றியாச்சு.

ஊரைத் தாண்டினதிலிருந்தே ஏதோ சரியில்லை. ஸ்டியரிங் லேசாக மிதக்கிற மாதிரி இருந்தது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதும், பெரிய லாரி தாண்டிப் போகும்போதும் டிரெய்லர் வாலை ஆட்டியது. சாயங்காலம் ஆனதும் எதிரில் வர்ற வண்டிக்காரங்க எல்லாம் ஹெட்லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டினாங்க. பின் சீட்டிலிருந்து அப்பா, "ஏம்பா, எல்லாரும் நம்மளைப் பார்த்தே லைட் அடிக்கிறாங்களே, ஏன்?" என்று கேட்டார். நான் டிம்மில்தான் போறேன். ஆனால் டிரக்கோட பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கிட்டதால் என் லைட் அவங்க கண்ணுக்கு நேராக அடிச்சிருக்கு.

அமரில்லோவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் இருந்தது. பெரிய லாரிக்காரங்க எடை போடுற மேடை. சுமார் 15 டாலர்தான் கட்டணம். ஏற்றி நிறுத்தினேன். கையில் வந்த சீட்டில் இப்படி இருந்தது:

- முன் ஆக்சில்: 3,180 பவுண்டு
- பின் ஆக்சில்: 4,280 பவுண்டு
- டிரெய்லர் ஆக்சில்கள்: 7,480 பவுண்டு
- மொத்தம்: 14,940 பவுண்டு

இப்போ டிரக் கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கிற அளவுகளைப் பார்த்தேன். டிரக் மட்டும் அதிகபட்சம் 7,050 பவுண்டு இருக்கலாம். சீட்டுப்படி 3,180 + 4,280 = 7,460. அதாவது 410 பவுண்டு அதிகம். பின் ஆக்சில் தாங்கக்கூடியது 4,050. அதிலும் 230 பவுண்டு அதிகம்.

வேடிக்கை என்னன்னா, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குக் கம்பெனி கொடுத்த வரம்புக்குள்ளேதான் நான் இருந்தேன். இழுக்கிற கணக்கில் பாஸ், தாங்குற கணக்கில் ஃபெயில்!

இழுப்பது வேறு, தாங்குவது வேறு

இதை அப்பாவுக்கு விளக்கப் போனேன். அவர் எனக்கு விளக்கிட்டார். "மாட்டு வண்டியில பாரம் ஏத்துற கணக்குதானே இது?" என்றார்.

ஊர்ல மாட்டு வண்டி பார்த்தவங்களுக்குத் தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டோட கழுத்து அமுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி நிலை தடுமாறும். மாடு எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கேள்வி. அதன் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பது வேற கேள்வி.

டிரெய்லரும் இதேதான். மொத்த எடையில் ஒரு பங்கு டிரக்கோட ஹிட்ச் மேல் உட்காரும். இதுதான் டங் வெயிட். சாதாரண டிராவல் டிரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதனால் சாமானைப் பின்னாடி தள்ளி வெச்சு இந்த எடையைக் குறைக்கலாம்னு நினைக்காதீங்க. அது ரொம்ப ஆபத்து.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வர்ற 11,000, 12,000 எல்லாம் இழுக்கிற அளவு. அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கு. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்து ஏற்றத்தில், ஏசி ஓட, டிரெய்லரை இழுத்துக்கிட்டு ஏறணும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் டிரக்குக்குள்ள எத்தனை பேர் என்று கணக்கு தெரியுமா? ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். டங் வெயிட் 10 சதவீதம். பின் சீட்டில் அப்பா அம்மா கிடையாது, பிள்ளைங்க கிடையாது, டிரக் பெட்டில் ஜெனரேட்டர் கிடையாது.

நம்ம குடும்பம் அந்தச் சோதனையில் இல்லை. அந்த 11,000 நமக்கான எண்ணும் இல்லை.

நமக்கான எண் எங்கே இருக்கு?

டிரைவர் கதவைத் திறந்தால், பக்கத்துத் தூணில் டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் போட்ட மஞ்சள் கலந்த ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். இதுதான் பேலோட். நம்ம ஜாதகம் இங்கேதான் இருக்கு.

மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒண்ணு, இது அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண். ஒரே மாடல், ஒரே வருஷம் ஆனாலும் சன்ரூஃப், லெதர் சீட், ஃபோர் வீல் டிரைவ் என்று ஏற ஏற பேலோட் குறையும். விலை அதிகமான டிரிம் பெரும்பாலும் குறைவாத்தான் தாங்கும். பிரவுச்சரில் போட்டிருக்கிற அதிகபட்ச பேலோட், எந்த வசதியும் இல்லாத அடிப்படை மாடலுக்கானது.

ரெண்டு, டேங்க் நிறைய எரிபொருள் இதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கு. டிரைவர் எடை கழிக்கப்படலை. நீங்களும் பாரம்தான்!

மூணு, 10,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை அளவு உள்ள பெரிய டிரக்கில் இந்த ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். அப்போ டேங்க் நிரப்பி, காலி வண்டியை எடை மேடையில் போட்டு, கதவில் உள்ள அதிகபட்ச எடையிலிருந்து கழிச்சுக்கணும்.

என் வீட்டுக் கணக்கு

என் டிரக்கோட பேலோட் 1,480 பவுண்டு. நான் அன்றைக்கு ஏற்றினது இது:

- டங் வெயிட் (8,400 பவுண்டில் 13%): 1,092
- வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: 100
- நான், மனைவி, இரண்டு பிள்ளைங்க: 440
- அப்பா, அம்மா: 280
- டிரக் பெட்டில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு: 150
- மொத்தம்: 2,062 பவுண்டு

அதாவது 582 பவுண்டு அதிகம். அப்பா அம்மா வராமல் இருந்திருந்தாலும் 302 பவுண்டு அதிகம்தான். அவங்களை ஏற்றினது தப்பு இல்லை. கணக்கு போடாமல் டிரெய்லர் வாங்கினதுதான் தப்பு.

"அப்போ எடை மேடையில் 410தானே அதிகம்னு காட்டுச்சு?" என்று கேட்பீங்க. சரியான கேள்வி. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பது ஸ்பிரிங் கம்பிகளால் டங் வெயிட்டில் ஒரு பகுதியை டிரக்கோட முன் சக்கரத்துக்கும், டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிவிடும். என் விஷயத்தில் சுமார் 170 பவுண்டு டிரெய்லர் பக்கம் போயிருக்கு. உதவிதான். ஆனால் அது டிரக்கோட வரம்பைக் கூட்டாது. இருக்கிற பாரத்தைப் பங்கு போடும், அவ்வளவே.

ஏர் பேக், கூடுதல் ஸ்பிரிங் போடுறதும் அப்படித்தான். பின்பக்கம் அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகா இருக்கும். ஆனால் ஆக்சில், பிரேக், வீல் பேரிங் எல்லாம் பழசுதானே? கதவில் இருக்கிற எண் மாறாது. 400 டாலரில் பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க.

கணக்கைத் தலைகீழாப் போடுங்க

இந்தப் பதிவில் நீங்க ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கணும்னா அது இதுதான். டிரக் ஏற்கெனவே இருந்தால் பேலோடிலிருந்து ஆரம்பிச்சு, டிரெய்லர் எடைக்கு வாங்க.

1,480 பேலோட். அதில் குடும்பம் 440, ஹிட்ச் 100, சாமான் 150 கழிச்சால் மிச்சம் 790. இதுதான் டங் வெயிட்டுக்கு இடம். 790ஐ 0.13ஆல் வகுத்தால் சுமார் 6,070 பவுண்டு. நாலு பேர் போனால் என் டிரக் சமாளிக்கக்கூடிய டிரெய்லர் அவ்வளவுதான்.

அப்பா அம்மாவும் வந்தால் மிச்சம் 510. அதே கணக்கில் 3,900 பவுண்டு டிரெய்லர்!

11,000 என்று விளம்பரம். 6,000 என்று நிஜம். ஊரிலிருந்து ஆள் வந்தால் 3,900. ஒரே டிரக்தான்.

இதில் டிரெய்லர் எடைன்னு எதை எடுத்துக்கணும்? பிரவுச்சரில் வர்ற 'டிரை வெயிட்' வேண்டவே வேண்டாம். அது தண்ணி, கேஸ், பேட்டரி, துணி, பாத்திரம் எதுவும் இல்லாத காலி டப்பா. ஒரு கேலன் தண்ணியே 8.3 பவுண்டு. 40 கேலன் டேங்க் நிரப்பினால் 330 பவுண்டு கூடிடும். என் டிரெய்லர் காலியாக 6,900 என்று போட்டிருந்தது, நிஜத்தில் 8,400. அதனால் எப்பவும் டிரெய்லரோட அதிகபட்ச மொத்த எடையை வெச்சே கணக்கு போடுங்க. அது டிரெய்லர் இடதுபக்க முன் மூலையில் ஸ்டிக்கராக இருக்கும்.

'ஹாஃப் டன் டோவபிள்' என்று டிரெய்லர் மேலேயே ஒட்டியிருப்பாங்க. அதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அது விற்பனை வாசகம் மட்டுமே.

அரை டன், முக்கால் டன், ஒரு டன்

இந்தப் பெயர்கள் பழைய காலத்து வழக்கு. இன்றைக்கு அரை டன் டிரக் அரை டன்னைவிட அதிகமாவே தாங்கும். ஆனாலும் தரம் பிரிக்க இந்தப் பேச்சுதான் புழக்கத்தில் இருக்கு.

அரை டன்: எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 வகை. குடும்பத்துக்கு வாங்குற க்ரூ கேப் வண்டிகளில் பேலோட் பெரும்பாலும் 1,400 முதல் 1,900க்குள் இருக்கும்.

முக்கால் டன்: எஃப்-250, 2500 வகை. பெட்ரோல் இன்ஜின் என்றால் 3,000 பக்கத்தில் கிடைக்கும். இங்கேதான் ஒரு பொறி இருக்கு. டீசல் இன்ஜின் போட்ட அதே வண்டி பல இடங்களில் 2,000 முதல் 2,400தான் தாங்கும். ஏன்? பல முக்கால் டன் வண்டிகளோட மொத்த எடை அளவை 10,000 பவுண்டிலேயே நிறுத்தி வெச்சிருக்காங்க. அதைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போயிடும். சில மாநிலங்களில் பதிவுக் கட்டணம், தொழிலுக்கு ஓட்டுறவங்களுக்கான விதிகள் எல்லாம் மாறும். வரம்பு 10,000லேயே நிற்க, டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு அதிக எடை. அந்த எடை உங்க பேலோடிலிருந்துதான் போகுது. அதிக விலை கொடுத்து, அதிகம் இழுக்கிற, ஆனால் குறைவாத் தாங்குற வண்டி வாங்குறீங்க!

ஒரு டன்: எஃப்-350, 3500 வகை. பின்னாடி ஒற்றைச் சக்கரம் என்றால் 4,000 சுமாருக்கு, இரட்டைச் சக்கரம் என்றால் 5,000க்கு மேலும் கிடைக்கும். முக்கால் டன்னுக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவு பெரிசா இருக்காது. டீசல்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டா ஒரு டன்னையும் சேர்த்தே விலை கேளுங்க.

ஃபிஃப்த் வீல் என்றால் கணக்கே வேற

ஃபிஃப்த் வீல் டிரக் பெட்டுக்கு நடுவில், பின் ஆக்சிலுக்கு மேலேயே உட்காரும். அதனால் வாலாட்டம் ரொம்பக் குறைவு, ஓட்ட நிதானமா இருக்கும். ஆனால் டிரக் மேல் இறங்கும் எடை 20 முதல் 25 சதவீதம். இதைக் கிங்பின் எடை என்பாங்க.

14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் எடுத்துக்குவோம். 22 சதவீதம் என்றால் 3,080. பெட்டில் பொருத்துற ஹிட்ச் 180. குடும்பம் 440. சாமான் 100. மொத்தம் 3,800 பவுண்டு. முக்கால் டன் டீசல் இதில் பாதியிலேயே நின்னுடும். ஒரு டன் ஒற்றைச் சக்கரம் இழுத்துப் பிடிச்சு வரும். அப்பா அம்மா வந்தால் 4,080. அப்போ இரட்டைச் சக்கரம்தான் நிம்மதி.

டிரக் பெட் நீளத்தையும் பாருங்க. குட்டை பெட் என்றால் கூர்மையாத் திரும்பும்போது டிரெய்லரோட மூக்கு டிரக் கண்ணாடியில் இடிக்கலாம். அதுக்கு நகரும் ஹிட்ச் வாங்கணும். அது கூடுதல் செலவு, கூடுதல் எடை.

லைசென்ஸும் ஒரு விஷயம். டெக்சாஸில் டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, டிரக் டிரெய்லர் இரண்டின் மொத்த அளவு 26,001 பவுண்டைத் தொட்டால் சாதாரண கிளாஸ் சி போதாது. வணிகம் சாராத கிளாஸ் ஏ எடுக்கணும். 11,500 டிரக் + 14,000 டிரெய்லர் = 25,500, தப்பிச்சோம். 12,400 + 14,000 = 26,400, மாட்டிக்கிட்டோம். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கே சாதாரண லைசென்ஸ் மட்டும் போதாது. உங்க மாநில விதியைப் பாருங்க.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம்

முதல்ல என் நஷ்டம். டிரக் வாங்கி 14 மாசம் ஆகியிருந்தது. கடன் பாக்கி 51,000 டாலர். மாற்றப் போனால் 44,000க்குத்தான் எடுத்துக்கிறேன்னாங்க. மிச்சம் 7,000 டாலரை அடுத்த கடனோட சேர்த்தேன். 7.5 சதவீத வட்டி, 72 மாசம். அந்த 7,000க்கு மட்டும் மாசம் 121 டாலர், மொத்தம் சுமார் 8,700 டாலர். என்கிட்ட இல்லாத ஒரு வண்டிக்கு ஆறு வருஷம் மாசத் தவணை!

கதவைத் திறந்து ஒரு ஸ்டிக்கரைப் படிச்சிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

அடுத்தது, டீசல் லாபமா? புது பெரிய டிரக்கில் டீசலுக்குக் கூடுதலா சுமார் 10,000 டாலர் வரை கேட்பாங்க. ஒரு உதாரணம் போடுவோம். வருஷத்தில் டிரெய்லரோட 5,000 மைல், தனியா 8,000 மைல்.

பெட்ரோல்: இழுக்கும்போது கேலனுக்கு 8 மைல், தனியா 14 மைல். மொத்தம் சுமார் 1,196 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 3,590 டாலர்.

டீசல்: இழுக்கும்போது 10.5, தனியா 17. மொத்தம் சுமார் 947 கேலன். கேலன் 3.60 என்றால் 3,410 டாலர்.

வருஷத்துக்கு மிச்சம் 180 டாலர்! அதிலும் டெஃப் திரவம், ஃபியூல் ஃபில்டர், பெரிய ஆயில் சேஞ்ச் என்று திரும்பப் போயிடும். விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும், உண்மைதான். கொலராடோ மாதிரி மலைப் பாதையில் அடிக்கடி போறவங்களுக்கு அதோட இழுவையும், இறக்கத்தில் எக்சாஸ்ட் பிரேக்கும் பெரிய நிம்மதி. அதுக்காக வாங்குங்க. எரிபொருள் மிச்சம் ஆகும்னு வாங்காதீங்க.

வரி விஷயம் இரண்டு. 2025 முதல் 2028 வரை, புது வண்டிக் கடன் வட்டியில் வருஷம் 10,000 டாலர் வரை கழிச்சுக்கலாம். நிபந்தனைகள் உண்டு: சொந்த உபயோகமாக இருக்கணும், கடைசி அசெம்ப்ளி அமெரிக்காவில் நடந்திருக்கணும், மொத்த எடை அளவு 14,000 பவுண்டுக்குக் குறைவாக இருக்கணும். சரியா 14,000 போட்டிருக்கிற இரட்டைச் சக்கர வண்டி வெளியே போயிடும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 200,000 டாலர் வருமானத்துக்கு மேல் சலுகை குறைய ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, "டிரெய்லர் கடன் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு சார்" என்று டீலர் சொல்வார். படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் இருந்தால் அதை இரண்டாவது வீடாகக் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டுறவங்களுக்கு மட்டும்தான் அது பயன்படும். 2025க்கு தம்பதிக்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். நம்மில் பலபேர் அதையே எடுத்துக்கிறோம். அப்போ அந்த வட்டியால் ஒரு பைசா பலன் இல்லை.

கடைசியா, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு? இது என் சொந்தக் கணக்கு, உங்க எண்களைப் போட்டுப் பாருங்க:

- டிரெய்லர் மதிப்புச் சரிவு (42,000க்கு வாங்கி 5 வருஷத்தில் 23,000க்கு விற்றால்): வருஷம் 3,800
- நிறுத்தி வைக்க இடம்: 1,200
- இன்சூரன்ஸ்: 600
- டயர், பேரிங், கூரை சீலன்ட்: 600
- சாதாரண வேனுக்குப் பதில் பெரிய டிரக் வெச்சிருக்கிற கூடுதல் செலவு: 3,000
- மொத்தம்: 9,200 டாலர்

வருஷம் 25 ராத்திரி தங்கினால், ராத்திரிக்கு 368 டாலர். கேம்ப் கிரவுண்ட் வாடகை, எரிபொருள், கடன் வட்டி இதில் சேரலை. ஓட்டலைவிட மலிவுன்னு நினைச்சு வாங்காதீங்க. பிள்ளைங்களுக்கு நினைவுகள் வேணும், சொந்தக் கட்டிலில் அம்மா தூங்கணும், காலையில் சூடா இட்லி வேணும் என்றால் வாங்குங்க. அது நியாயமான காரணம். ஆனால் அதோட விலை தெரிஞ்சு வாங்குங்க.

அப்புறம் நான் என்ன செய்தேன்?

அன்றைக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் கேன்யனுக்குள்ள இறங்குற சரிவை நினைச்சுப் பார்த்தேன். வேண்டாம்னு முடிவு பண்ணி, அமரில்லோவிலேயே ஒரு கேம்ப் கிரவுண்டில் டிரெய்லரை நிறுத்தினோம். வெறும் டிரக்கில் போய்ச் சுத்திப் பார்த்தோம். திரும்பி வரும்போது ஜெனரேட்டர், விறகு, தண்ணி எல்லாத்தையும் குறைச்சு, 55 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம். அப்போவும் வரம்புக்கு மேல்தான். அந்த 340 மைலும் நான் பாட்டுக்கூட போடலை.

பிறகு மூணு வருஷம் ஓடின ஒரு முக்கால் டன் பெட்ரோல் வண்டியைப் பார்த்தேன். லெதர் சீட் இல்லை, சன்ரூஃப் இல்லை. விலை பேசுறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிச்சேன்: 3,050. என் தேவை 2,062. கிட்டத்தட்ட 990 பவுண்டு மிச்சம். அதே டிரெய்லர், அதே குடும்பம், இப்போ வால் ஆடுறதில்லை.

நீங்க டிரக், டிரெய்லர் இரண்டுமே இன்னும் வாங்கலைன்னா வரிசை இதுதான்:

1. முதலில் டிரெய்லரைத் தேர்ந்தெடுங்க. பேப்பரில் மட்டும். பணம் கட்டாதீங்க.
2. அதோட அதிகபட்ச மொத்த எடையில் 13% (ஃபிஃப்த் வீல் என்றால் 22%) போடுங்க.
3. ஹிட்ச், குடும்பம், சாமான் கூட்டுங்க. ஊரிலிருந்து வர்றவங்களையும் கூட்டுங்க.
4. வர்ற எண்ணுக்கு மேல் 15 சதவீதமாவது கூடுதல் பேலோட் உள்ள டிரக் தேடுங்க. ஸ்டிக்கரை உங்க கண்ணால பாருங்க, போட்டோ எடுங்க.
5. ஆக்சில் அளவு, ஹிட்ச் அளவு, மொத்த இழுவை அளவு மூன்றையும் சரிபாருங்க. ஒண்ணு தவறினாலும் அந்த ஜோடி வேண்டாம்.
6. வாங்கினதும் முதல் பயணத்துக்கு முன்னாடி, எல்லாரையும் ஏற்றிக்கிட்டு எடை மேடைக்குப் போங்க.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? பயப்படாதீங்க, வெட்கப்படவும் வேண்டாம். நானும் அந்த வரிசையில் நின்னவன்தான். இந்த வாரக் கடைசியில் 15 டாலர் செலவு பண்ணி ஒரு சீட்டு வாங்குங்க. எவ்வளவு அதிகம்னு தெரிஞ்சால்தான், சாமானைக் குறைக்கணுமா, வண்டியை மாற்றணுமா என்று முடிவு பண்ண முடியும்.

எடைச் சீட்டை எப்படிப் படிக்கிறது, ஸ்டிக்கர் எங்கே இருக்கும் என்று வீடியோவில் வண்டியைத் திறந்தே காட்டியிருக்கேன், பாருங்க. டிரக் தேடிக்கிட்டிருக்கிற நண்பர் யாராவது இருந்தால், அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.